பியானோ படைப்பொன்றை ஜெனரேட்டிவ் இசையாக்கும்போது எதைத் தொடாமல் விடுவது?

பாக்கின் சி மேஜர் பிரெலூடின் மிடி கோப்பை, அதாவது எந்தச் சுரம் எப்போது எவ்வளவு விசையோடு ஒலிக்க வேண்டும் என்பதை எண்களாகக் குறிக்கும் கணினிக் கோப்பை, எடுத்து, சுரங்களின் நேரத்திலும் உயரத்திலும் விசையிலும் தற்செயலைப் புகுத்தி, அதன்மேல் ரிவர்ப், டிலே என்ற எதிரொலி விளைவுகளையும் சேர்த்துப் பார்த்ததாகவும், வந்தது பாக்காகவும் இல்லை, புதிய இசையாகவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதைச் சரிசெய்ய எந்த மென்பொருளைக் கற்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி. மென்பொருளில் குறை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாக் கூறுகளையும் ஒரே அளவில் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்ததுதான் சிக்கல். படைப்பை அடையாளம் காட்டும் கூறுகளில் ஒன்றையேனும் முழுமையாகக் காக்காமலும், ஒன்றையேனும் முழுமையாக அவிழ்த்து விடாமலும் இருந்தால், கேட்பவர் காதுக்குத் தப்பும் தவறுமாக வாசித்த பாக் மட்டுமே எஞ்சும். எதை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன் எதைத் தொடவே கூடாது என்று முடிவெடுங்கள். நுட்பங்கள் அந்த முடிவிலிருந்தே பிறக்கின்றன என்பதால், இந்தப் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். பழைய படைப்பை மின்னணுக் கருவியில் வாசிப்பது ஒன்று, அதை ஜெனரேட்டிவ் இசையாக்குவது வேறொன்று. வெண்டி கார்லோஸ் 1968இல் மூக் சிந்தசைசரில் பாக்கை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டும், இசாவோ தொமிதா 1974இல் டெபுஸியின் பியானோ படைப்புகளை மூக் சிந்தசைசரில் உருமாற்றித் தந்த இசைத்தட்டும் ஒலி வேலைப்பாட்டில் இன்றும் அசரவைப்பவை. ஆனால் அவற்றில் எந்தச் சுரத்துக்குப் பின் எந்தச் சுரம் என்பதை மூல ஆசிரியரே தீர்மானித்துவிட்டார். ஜெனரேட்டிவ் முறையிலோ நாம் எழுதித் தருவது விதிகளை. சுரங்களை அந்த விதிகள் ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டாக்கும். ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயிற்றுவித்த செயற்கை நுண்ணறிவு மாதிரிகளும் இப்போது இதே பெயரில் அழைக்கப்படுகின்றன. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை, ஏனெனில் அங்கே விதி எங்கே இருக்கிறது என்று உங்களால் தொட்டுக் காட்ட முடியாது; நீங்கள் செய்ய விரும்பும் வேலைக்கு அதுதான் அடிப்படைத் தேவை.

எதை நிலைநிறுத்துவது என்ற கேள்விக்கு வரலாற்றில் இரண்டு நேரெதிரான விடைகள் உண்டு. எரிக் சாட்டியின் ‘சோக்ரத்’ என்ற படைப்புக்கு மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனம் அமைத்திருந்தார். அதை இரு பியானோக்களுக்கு மாற்றி வாசிக்கப் பதிப்பாளர் அனுமதி தரவில்லை. நடனத்தின் அடவுகளோ சாட்டியின் தாளத்தோடு பிணைந்திருந்தன. எனவே 1969இல் ஜான் கேஜ் அந்தத் தாளத்தையும் வாக்கிய அமைப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு, சுரங்களை மட்டும் ஐ சிங் என்ற சீன நூலின் தற்செயல் முறையால் மாற்றி, ‘சீப் இமிடேஷன்’, அதாவது மலிவான போலி, என்று தாமே கேலியாகப் பெயரிட்ட பியானோ படைப்பை எழுதினார். நேரம் அசையவில்லை, சுரம் அசைந்தது. பிரையன் ஈனோ 1975இல் பாகெல்பெல்லின் கேனனை எடுத்துச் செய்த மூன்று மாறுபாடுகளில் இதற்கு மறுதலையாக நடந்தது. இசைஞர்களிடம் மூலத்தின் சிறு சிறு பகுதிகள் அப்படியே தரப்பட்டன. நேரம் மட்டும் அவிழ்க்கப்பட்டது. அவற்றில் ஒன்றில் ஒவ்வொருவரும் தத்தம் கருவியின் சுருதி உயரத்துக்கேற்ற வேகத்தில் மெல்ல மெல்லத் தாமதிக்க வேண்டும். கேஜிடம் சாட்டியின் நடை தெரியும், ஈனோவிடம் பாகெல்பெல்லின் நிறம் தெரியும். இரண்டையும் சேர்த்து அசைத்திருந்தால் இருவரிடமும் எதுவுமே தெரிந்திருக்காது.

தற்செயல் எப்போது இசையாகிறது என்பதற்கு இன்னும் பழைய சான்றும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பகடை உருட்டி மினுவே போன்ற நடன இசை எழுதும் விளையாட்டுகள் அச்சாகி விற்றன. கிர்ன்பெர்கர் 1757இல் ஒன்றை வெளியிட்டார், மொஸார்ட்டின் பெயரைத் தாங்கி 1790களில் இன்னொன்று வந்தது. எந்த எண் விழுந்தாலும் கேட்கத் தகுந்த ஒரு நடன இசை கிடைத்ததற்குக் காரணம் எளிது: ஒரே இடத்துக்கென எழுதப்பட்ட மாற்றுகள் அனைத்தும் பெரும்பாலும் ஒரே ஹார்மனி (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் இசைவு) வேலையைச் செய்தன. பகடைக்குச் சுதந்திரம் இருந்தது மேற்பரப்பில் மட்டும்.

இனி உங்கள் பிரெலூடுக்கு வருகிறேன். ‘வெல்-டெம்பர்ட் கிளேவியர்’ என்ற 1722ஆம் ஆண்டுத் தொகுப்பின் முதல் படைப்பான இது, இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டதோ என்று ஐயுறும் அளவுக்குப் பொருத்தமானது. மொத்தம் 35 பார்கள், அதாவது தாளக்கட்டங்கள். முதல் 32 கட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கார்ட், அதாவது ஒன்றாகச் சேரும் சுரங்களின் தொகுதி. அதன் ஐந்து சுரங்களும் கீழிருந்து மேலாக 1, 2, 3, 4, 5 என்று ஒலித்து, பிறகு 3, 4, 5 மீண்டும் வந்து, அந்த எட்டும் இன்னொரு முறை அப்படியே திரும்பும். ஆக, கட்டத்துக்குப் பதினாறு சுரங்கள். கடைசி மூன்று கட்டங்களில்தான் இந்த அச்சு உடைகிறது. இதன் பொருள், படைப்பு ஏற்கெனவே இரண்டு அடுக்குகளாகப் பிரிந்தே நிற்கிறது என்பது: ஐந்து குரல்களில் நகரும் கார்ட்களின் வரிசை ஒன்று, அவற்றைச் சிதறவிடும் எட்டுச் சுர அச்சு மற்றொன்று. வரிசையைக் காத்து அச்சை அவிழ்க்கலாம். அச்சைக் காத்து வரிசையை அவிழ்க்கலாம். என்னைக் கேட்டால் முதலாவதைத்தான் சொல்வேன். அந்த எட்டுச் சுர அச்சை எந்தக் கார்டில் போட்டாலும் பாக்கின் நிழல் விழும் என்பது உண்மையே ஆனாலும், அது விளம்பர இசையின் நிழலாக முடிவதையே பலமுறை கேட்டிருக்கிறேன்.

வேலையைத் தொடங்குமுன் உங்கள் மிடி கோப்பில் எத்தனை கட்டங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 36 என்று வந்தால், 22ஆம் கட்டத்துக்கும் 23ஆம் கட்டத்துக்கும் நடுவே ஷ்வெங்க்கே என்பவரின் பிரதி வழியாக நுழைந்த ஒரு கட்டம் அதில் இருக்கிறது. பாக் எழுதியதில் அது இல்லை. குனோ 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பிரெலூடின் மேல் ‘ஆவே மரியா’ என்ற தம் புகழ்பெற்ற மெட்டை அமைத்தபோது பயன்படுத்தியது அந்த 36 கட்ட வடிவத்தைத்தான், அதனால் இன்றும் இரண்டு வடிவங்களும் உலவுகின்றன. சின்ன விஷயம்தான், ஆனால் அந்த இடத்தில் பாக் வேண்டுமென்றே விட்ட கரடுமுரடான தாவலை யாரோ சமப்படுத்தியிருக்கிறார் என்று தெரிந்தால் நீங்கள் அதை வைத்துக்கொள்ள மாட்டீர்கள்.

அடுத்து, 35 கார்ட்களையும் ஐந்து ஐந்து எண்களாக எழுதிக்கொள்ளுங்கள். மிடியில் நடு சி 60 என்று தொடங்கினால் முதல் வரி 60, 64, 67, 72, 76. இறுதி மூன்று கட்டங்களின் ஓட்டத்தை மட்டும் நீங்களே ஐந்து சுரங்களுக்குச் சுருக்க வேண்டியிருக்கும். இப்போது விதி: இப்போதைய கார்டின் ஐந்து சுரங்களிலிருந்து ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்றைத் தற்செயலாக எடுக்க வேண்டும், ஐந்தும் ஒருமுறையேனும் ஒலித்த பிறகே அடுத்த கார்டுக்குப் போக வேண்டும். ஐந்துக்கும் சம வாய்ப்பு தந்தால், ஐந்தும் வந்து முடிய சராசரியாக 11.4 துடிப்புகள் ஆகும். ஒரே சுரம் உடனடியாகத் திரும்பக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் அது 9.3ஆகக் குறையும், பியானோவில் உடனடித் திரும்பல் திக்குவாய் போலக் கேட்பதால் நான் அந்த நிபந்தனையைச் சேர்த்தே வைப்பேன். சராசரி இதுவே என்றாலும் ஒரு கார்ட் ஐந்தே துடிப்புகளில் பறந்துவிடும், இன்னொன்று ஒரு சுரத்துக்காக நெடுநேரம் காத்துக் கிடக்கும். அந்தக் காத்திருப்பில் ஒரு பதற்றம் தானாகவே உருவாகிறது, அதை யாரும் எழுதவில்லை. துடிப்புக்கு ஒன்றரை நொடி வைத்தால் முழுப் படைப்பும் ஏறத்தாழ எட்டு நிமிடம் ஓடும்.

ஐந்துக்கும் சம வாய்ப்பு தர வேண்டிய கட்டாயமில்லை என்பது தெரிந்ததும் வேலை சுவைக்கத் தொடங்கும். இந்தப் பிரெலூடின் உண்மையான கதை அடிக்குரலில் நடக்கிறது. நடு சியில் தொடங்கும் அது சில இடங்களில் மேலேறித் திரும்பினாலும், மொத்தத்தில் இரண்டு ஸ்தாயி கீழிறங்கி 32ஆம் கட்டத்தில் ஆழத்து சியை அடைகிறது. அதற்கு முன் 24 முதல் 31 வரை எட்டுக் கட்டங்கள் ஜி என்ற ஒரே சுரத்தில் அசையாமல் நிற்கிறது. எனவே அடிச்சுரத்தின் வாய்ப்பை மட்டும் இருபதில் ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள். அது வந்து சேரவே சராசரியாக இருபது துடிப்புகள் ஆகும். மேலே உள்ள நான்கும் சுற்றிச் சுற்றி வரும். அடிச்சுரம் விழுந்த கணத்தில் கார்ட் மாறும். அப்போது கேட்பவருக்கு அடிச்சுரம் கதவு திறக்கும் ஓசையாகிவிடுகிறது. ஜி நிற்கும் எட்டுக் கட்டங்களில் இந்த விதியை நிறுத்திவிட்டு, அந்தச் சுரத்தை மட்டும் நீண்ட சிந்தசைசர் ஒலியாகத் தாங்கவிட்டு, மேல்குரல்களை வழக்கத்தைவிட அடர்த்தியாக்கலாம். பாக் அங்கே கட்டிய அழுத்தத்தை வேறு வழியில் நீங்களும் கட்டியிருப்பீர்கள்.

இதற்கு அடுத்த படி, ஐந்து குரல்களையும் ஒரே நேரத்தில் கார்ட் மாற்றவிடாமல், ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி மாறவிடுவது. அடிக்குரல் அடுத்த கார்டுக்குப் போய்விட்ட பிறகும் மேல்குரல் ஒன்று பழைய சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்; சற்றுக் கழித்து அது இறங்கி இணையும். இசையிலக்கணத்தில் சஸ்பென்ஷன் எனப்படும் அழகு இதுதான், தற்செயலால் அது இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் இங்கே நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்ல வேண்டும்: முதன்முறை செய்தபோது எந்தக் குரலும் எவ்வளவு வேண்டுமானாலும் பின்தங்கலாம் என்று விட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் 35 கார்ட்களும் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்து, வண்ணங்களையெல்லாம் ஒரே கிண்ணத்தில் கலக்கியது போன்ற சாம்பல் நிறம்தான் வந்தது. எந்தக் குரலும் ஒரு கார்டுக்கு மேல் பின்தங்கக் கூடாது என்ற ஒரே வரியைச் சேர்த்ததும் பாக் திரும்பி வந்தார். பொதுவான ஒரு ஹார்மனிக் கடிகாரம் இல்லாமல், சுருதி மையம் கொண்ட எந்தப் படைப்பும் இந்த முறையில் தாக்குப்பிடிப்பதில்லை.

நீளம் வேறுபடும் லூப்களை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டுகளை, சேர்த்து ஓடவிடும் முறையை நீங்கள் கேள்வியில் தொட்டிருந்தீர்கள், அதன் எல்லையும் இதுதான். ஈனோ 1978இல் விமான நிலையத்துக்கென்று செய்த இசைத்தட்டில், ஒரு பகுதியின் குரல் லூப்களுள் ஒன்று இருபத்து மூன்றரை நொடிக்கு ஒருமுறை திரும்பும், இன்னொன்று ஏறத்தாழ 26 நொடிக்கு, மற்றொன்று ஏறத்தாழ 30 நொடிக்கு. இவை எளிதில் மீண்டும் ஒன்றுபடுவதே இல்லை. நீங்களே 17, 19, 23 நொடிகளில் மூன்று லூப்கள் வைத்தால் அவை தொடங்கிய நிலைக்குத் திரும்ப 7,429 நொடிகள், அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் சற்று மேல் ஆகும். எந்தச் சுரம் எதன்மேல் விழுந்தாலும் இடிக்காத சுரத்தொகுதி இருந்தால் இது அற்புதமாக வேலை செய்யும். சாட்டியின் முதல் ‘ஜிம்னோபெடி’ 1888ஆம் ஆண்டுப் படைப்பு. அதன் தொடக்கத்தில் ஜி, டி என்ற இரண்டு மேஜர் செவன்த் கார்ட்களே மாறி மாறி வருகின்றன, ஆகவே அந்தத் தொடக்கத்தை லூப்களாக வெட்டிப் போட்டால் ஏறக்குறைய எதுவும் கெடாது. பாக்கின் 35 கார்ட் பயணத்தை அப்படி வெட்டினால் பயணம் போய்விடும். பேதோவன் சொனாட்டா ஒன்றின் முதல் பகுதியைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றால் என்னால் ஊக்கப்படுத்த இயலாது. அங்கே ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் விளைவாக நிற்கிறது, அந்த விளைவுச் சங்கிலியே படைப்பு.

முந்தைய சுரத்தைப் பார்த்து அடுத்ததை வாய்ப்பின்படி தேர்ந்தெடுக்கும் மார்க்கோவ் சங்கிலி குறித்துச் சுருக்கமாக: ஹில்லரும் ஐசக்சனும் 1957இல் இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் எழுதிய நால்வர் படைப்பின் நான்காம் பகுதியிலேயே இது வந்துவிட்டது, ஆகவே முறை மதிப்புக்குரியது. ஆனால் ஒரே ஒரு பியானோ படைப்பிலிருந்து கற்றுக்கொள்ள அதற்குத் தீனி போதாது. இந்தப் பிரெலூடில் இருப்பவை ஐந்நூற்றைம்பதை ஒட்டிய சுரங்கள். ஒரு சுரத்தை மட்டும் பார்த்து அடுத்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அது ஹார்மனியை மறந்துவிடும். நான்கைந்து சுரங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மூலத்தையே வரிவரியாக ஒப்பிக்கும். இடைப்பட்ட நல்ல இடம் ஒன்று இருக்கும் என்று தேடி நான் செலவிட்ட மாலைப்பொழுதுகளை நீங்களும் செலவிட வேண்டாம்.

தற்செயலின் வகையைப் பற்றி இதைவிட அதிகம் பேச வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் தவறும் இடம் அது. மென்பொருளில் ரேண்டம் என்ற பொத்தான் தருவது ஒவ்வொரு முறையும் முந்தையதை முற்றிலும் மறந்துவிட்டு எடுக்கும் எண். சுரத்தின் விசைக்கு அதைக் கொடுத்தால் அடுத்தடுத்த சுரங்கள் காரணமின்றிக் கத்தியும் முனகியும் கேட்கும். கை இருப்பது போலவே தோன்றாது. மனிதக் கையின் விசை நேற்றைய நிலையிலிருந்து இன்றைக்கு நகர்வது போல, முந்தைய சுரத்தின் விசையிலிருந்துதான் நகர்கிறது. எனவே முந்தைய மதிப்போடு இரண்டோ மூன்றோ கூட்டியும் கழித்தும் செல்லும் தள்ளாட்ட நடையைப் பயன்படுத்துங்கள். 0 முதல் 127 வரையுள்ள மிடி அளவில் 40க்கும் 75க்கும் இடையே அதைக் கட்டிவைத்தால் போதும். வோஸ், கிளார்க் என்ற இரு இயற்பியலாளர்கள் 1975இல் இசையின் ஓசையளவு ஏற்ற இறக்கங்களை அளந்து, அவை முழு மறதிக்கும் முழு நினைவுக்கும் நடுவில், 1/எஃப் எனப்படும் வகையில் அமைவதைக் காட்டினார்கள். வேகத்துக்கும் இதே பாடம்தான். மேலே சொன்ன காத்திருப்பு வேண்டாத இடங்களில் சுரத் தேர்வுக்கு வேறொன்று பொருந்தும்: சீட்டுகளைக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாம் தீர்ந்த பிறகே மீண்டும் குலுக்கும் முறை. எந்தச் சுரமும் பட்டினி கிடக்காது.

ஒலியைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. பியானோவை நாம் பியானோ என்று அறிவது பெரும்பாலும் சுத்தியல் கம்பியைத் தொடும் முதல் கணத்தால். கிரானுலர் முறையில் ஒலியை 10 முதல் 100 மில்லிநொடித் துணுக்குகளாக்கிப் பரப்பும்போது அந்தக் கணத்தை வெட்டிவிட்டால் மிஞ்சுவது எந்தக் கருவிக்கும் சொந்தமில்லாத மேகம். மேகத்தைச் செய்யுங்கள், ஆனால் சில சுரங்களுக்காவது அந்த முதல் தொடுதலை மேலே விட்டுவையுங்கள். ரிவர்பையும் டிலேயையும் விதிகள் நன்றாக ஓடும் வரை அணைத்தே வைத்திருங்கள், ஏனென்றால் மோசமான விதியை அவை மிக நன்றாக மறைக்கும். ஒலிக்கு மூலமாக வேறொருவரின் ஒலிப்பதிவை எடுப்பதாக இருந்தால் அனுமதி வாங்குங்கள்; பாக்கின் சுரங்கள் யாவருக்கும் பொது, அவற்றை வாசித்தவரின் பதிவு அப்படியல்ல.

மென்பொருள் கேட்டீர்கள். மேக்ஸ், ப்யூர் டேட்டா, சூப்பர்கொலைடர் ஆகிய மூன்றிலும் மேலே சொன்ன அனைத்தையும் செய்யலாம்; ப்யூர் டேட்டாவும் சூப்பர்கொலைடரும் இலவசம். கார்ட் பட்டியலை எண்களாக எழுதிய தாள் உங்களிடம் இருந்தால் எதில் செய்தாலும் ஒன்றுதான்.

எஞ்சியிருப்பது முடிவு, கடினமான பகுதியும் அதுவே. இத்தகைய அமைப்புகள் தாமாக நிற்பதில்லை. ஒலியளவை மெல்லக் குறைத்து முடிப்பது தப்பித்தல். இதற்கு எனக்குப் பிடித்த தீர்வு ஷோப்பானின் இ மைனர் பிரெலூடிலிருந்து வந்தது. 1839இல் வெளியான 28ஆம் தொகுப்பின் நான்காம் படைப்பு, 25 கட்டங்கள். வலக்கை பெரும்பாலும் இரண்டு அண்டைச் சுரங்களுக்கு இடையிலேயே தயங்கி நிற்க, இடக்கையின் மூன்று சுரக் கார்ட்களில் ஒருமுறைக்கு ஒன்றோ இரண்டோ குரல்கள் மட்டும் பெரும்பாலும் அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழிறங்கும். இதை விதியாக்குவது எளிது: ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஏதோ ஒரு குரலைத் தேர்ந்தெடுத்து அரைச்சுரம் இறக்கு, அடித்தளத்தை எட்டியதும் தொடக்கக் கார்டுக்குத் திரும்பு. ஷோப்பானும் நடுவில், 13ஆம் கட்டத்தில், தொடக்கத்துக்குத் திரும்பவே செய்கிறார். இறக்கத்தின் வழி ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும், இறக்கம் மட்டும் மாறாது. ஆனால் மூலத்தின் இறுதியில் ஒரு மௌனமும் அதன்பின் மூன்று கார்ட்களும் உள்ளன. அந்த மூன்றையும் நான் நிரலுக்குள் சேர்க்கவில்லை. அமைப்பு இறங்கி இறங்கித் திரும்பிக்கொண்டே இருக்கும். போதும் என்று எனக்குத் தோன்றும்போது அதை நிறுத்தி, அறை அடங்கும் வரை காத்திருந்து, அந்த மூன்று கார்ட்களையும் கையாலேயே வாசிப்பேன். உங்கள் பாக்கிலும் கடைசி மூன்று கட்டங்களில் அச்சு உடைகிறது என்று முன்பே சொன்னேன். அவற்றை ஐந்து சுரங்களுக்குச் சுருக்காமல், பாக் எழுதியபடியே உங்கள் விரல்களுக்கு விட்டுவைத்துப் பாருங்கள்.